யேட்ஸ் பெயர் சொல்லாமல் விட்ட அறிஞர்

அம்மம்மா மருதனார்மடம் இராமநாதன் கல்லூரி விடுதியில் இருந்து படித்தவர். விடுதிக் கதைகளை எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு அலுக்காது. விடியமுன் எழுப்பும் மணி, ஈரத் தலையோடு தேவாரம் பாட நிற்கும் வரிசை, லேடி இராமநாதன் நடந்து வரும் சத்தம் கேட்டால் விடுதியே மூச்சடங்கிப் போவது. "அவவை வெள்ளைக்காரி எண்டு சொல்லேலாது பிள்ளை. சீலைதான், திருநீறுதான்" என்பார். அவுஸ்திரேலியாவில் பிறந்து, இராமநாதனை மணந்து, லீலாவதி ஆனவர் அவர். அந்தக் கல்லூரியின் முதல் ஆண்டுகளில் இன்னொரு வெள்ளைக்காரப் பெண் அதை நடத்தினார் என்பது அம்மம்மாவுக்குத் தெரியாது. ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் கவிதையொன்றுக்கு விளக்கம் தேடிப் போகும்வரை எனக்கும் தெரியாது.

கவிதையின் பெயர் 'ஓல் சோல்ஸ் நைட்'. 1920 இலையுதிர் காலத்தில் ஒக்ஸ்ஃபோர்டில் எழுதியது. இறந்தவர்களுக்கான இரவு. நள்ளிரவு மணி அடிக்கிறது. மேசையில் இரண்டு நீண்ட கிண்ணங்களில் வைன் தளும்பி நிற்கிறது. வருகிற ஆவி வைனைக் குடிக்காது, அதன் மணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்கிறார் யேட்ஸ். படையல் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்து பழகிய எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இறந்த நண்பர்கள் மூவரை அவர் ஒருவர் பின் ஒருவராக அழைக்கிறார். இரண்டாவதாக வருபவர் புளோரன்ஸ் எமரி. எல்லோரும் போற்றிய தன் அழகிய முகத்தில் முதற் சுருக்கங்களைக் கண்டதும், அயலும் நட்பும் இல்லாத தூரத்தில், கறுத்த தோல்களின் நடுவே, பாடசாலை ஒன்றில் படிப்பிக்கப் போய்விட்டாள் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார். சாகுமுன் அங்கே, ஆன்மாவின் பயணத்தைப் பற்றி யாரோ ஓர் இந்திய அறிஞர் உருவகமாகச் சொன்னதிலிருந்து நிறைய இழை பிரித்துப் பார்த்திருந்தாள் என்கிறார்.

கறுத்த தோல்கள் என்றது எங்கள் ஊர்ப் பிள்ளைகளை. அம்மம்மாவுக்கு மூத்த ஒரு தலைமுறை. யாரோ ஓர் அறிஞர் என்றது அம்மம்மாவின் கல்லூரியைக் கட்டிய பொன்னம்பலம் இராமநாதனை.

யேட்ஸ் எனக்கு மிகப் பிடித்த கவிஞர். அதனாலேயே அந்த 'யாரோ' முள்ளாகத் தைத்தது. அதை எடுக்கப் போய்த்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் லண்டனில் மந்திரம் பயின்ற ஒரு சங்கத்தின் கதைக்குள் போனேன். மூன்று வருடமாக அதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

சங்கத்தின் பெயர் 'கோல்டன் டோன்'. பொன்விடியல் என்று சொல்லிக்கொள்கிறேன். 1888-இல் ஃபிரீமேசன் என்ற இரகசிய சகோதர சங்கத்தைச் சேர்ந்த மூவர் லண்டனில் அதைத் தொடங்கினார்கள். வில்லியம் வின் வெஸ்ட்கொட், தொழிலால் வைத்தியர், லண்டனில் மரண விசாரணை அதிகாரி. வில்லியம் உட்மன், வயதான இன்னொரு வைத்தியர். மூன்று வருடத்தில் இறந்துபோனார். மூன்றாமவர் சாமுவேல் லிடல் மேதர்ஸ். கையில் காசில்லாமல் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்பு மண்டபமே கதியென்று கிடந்தவர், யூதர்களின் மறைஞானமான கபாலா நூலொன்றை 1887-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். சடங்குகளை எழுதி உயிர் கொடுத்தது அவருடைய கைதான்.

சங்கம் நின்றது சில கடதாசிகளின் மேல். இரகசிய எழுத்தில் எழுதிய ஒரு கட்டு வெஸ்ட்கொட்டிடம் இருந்தது. அதை உடைத்துப் படித்தபோது சடங்குகளின் சுருக்கமும், ஜேர்மனியில் இருக்கும் அன்னா ஸ்பிரெங்கல் என்ற பெண்ணின் முகவரியும் கிடைத்தன என்றார். அந்தப் பெண்மணிக்கு எழுதினாராம். சங்கம் தொடங்க அனுமதி கொடுத்து அவரும் எழுதினாராம். ஸ்பிரெங்கலுக்கு மேலே, யார் கண்ணுக்கும் படாத 'மறைந்த தலைவர்கள்' இருந்தார்கள். இந்த அமைப்பு எங்களுக்குப் புதிதல்ல. 1875-இல் நியூயோர்க்கில் தொடங்கி, பிறகு சென்னை அடையாற்றுக்கு வந்த தியோசபிகல் சொசைட்டியிலும் மகாத்மாக்களின் கடிதங்கள் இப்படித்தான் வந்துகொண்டிருந்தன. 1885-இல் லண்டன் ஆய்வுக் குழுவொன்று அவற்றைப் பொய் என்று அறிக்கை வெளியிட்டது. அப்படியும் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். பொன்விடியலிலும் சேர்ந்தார்கள்.

ஏன் சேர்ந்தார்கள் என்பதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தேவாலயம் சொன்னதை நம்ப முடியாமலும், விஞ்ஞானம் சொன்னதோடு நின்றுவிட முடியாமலும் தவித்த தலைமுறை அது. பொன்விடியல் அவர்களுக்குப் பாடத்திட்டம் கொடுத்தது. எபிரேய எழுத்துகளைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதினால்தான் அடுத்த படி. கோல், கிண்ணம், வாள், தட்டு எல்லாவற்றையும் அவரவர் தம் கையாலேயே செய்து வர்ணம் பூச வேண்டும். ஃபிரீமேசன்கள் பெண்களை வாசற்படி ஏறவும் விடாத காலத்தில், இங்கே பெண்கள் ஆண்களுக்குச் சமமாக எல்லாப் படிகளும் ஏறலாம். முதலில் தீட்சை பெற்றவரே மொய்னா பெர்க்சன் என்ற ஓவியர், தத்துவஞானி ஹென்றி பெர்க்சனின் தங்கை, பிறகு மேதர்ஸின் மனைவி. தேயிலை வியாபாரியின் மகள் ஆனி ஹோர்னிமன் வந்தார். மேதர்ஸ் குடும்பத்துக்கு வருடக்கணக்காகச் சாப்பாடு போட்டது அவருடைய பணம். ஒஸ்கார் வைல்டின் மனைவி கொன்ஸ்டன்ஸ் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுப் போனார். யேட்ஸ் 1890 மார்ச்சில் சேர்ந்தார். இன்று உலகம் முழுக்க விற்கிற டாரட் சீட்டுக்கட்டை 1909-இல் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித்தும், அவரிடம் அந்த வேலையை ஒப்படைத்த ஆதர் வெயிட்டும் இந்தச் சங்கத்தின் ஆட்களே.

உள்வட்டம் ஒன்று இருந்தது. அதில் சேருபவரை ஏழு சுவர் கொண்ட ஓர் அறைக்குள் கூட்டிப் போவார்கள். ஒவ்வொரு சுவரிலும் நாற்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் நிறமும் குறியும். நடுவில் பிரேதப்பெட்டி. அதற்குள் சங்கத்தின் ஆதி குரு வேடத்தில் ஒருவர் கிடப்பார், உரிய நேரத்தில் எழுந்து பேசுவார்.

ஒரு பயிற்சியைக் கிட்டவிருந்து காட்ட வேண்டும், ஏனென்றால் அது எங்கள் வீட்டிலிருந்து போனது. ஐந்து மட்டைகள். மஞ்சள் சதுரம் நிலம், வெள்ளிப் பிறை நீர், சிவப்பு முக்கோணம் நெருப்பு, நீல வட்டம் காற்று, கருநீல முட்டை வடிவம் ஆகாயம். தத்துவங்கள் என்ற சமஸ்கிருதப் பெயராலேயே அழைத்தார்கள். மீரத்தைச் சேர்ந்த இராம பிரசாத் தியோசபிகல் சொசைட்டிக்காக எழுதிய நூல் 1890-இல் லண்டனில் அச்சாகி, அதிலிருந்து இது உள்ளே வந்தது. மட்டையை இமைக்காமல் பார்க்க வேண்டும். பிறகு வெறும் சுவரைப் பார்த்தால் அதே வடிவம் எதிர் நிறத்தில் மிதக்கும். அதை மனத்தில் கதவளவுக்குப் பெருப்பித்து, அதனூடாக உள்ளே நடந்துபோக வேண்டும். மேதர்ஸ் கொடுத்த நெருப்பு மட்டையை வாங்கிக் கண்ணை மூடியபோது பாலைவனமும், இடிபாட்டுக் குவியலின் நடுவிலிருந்து கைகளை ஊன்றி எழும்புகிற கரிய அரக்கன் ஒருவனும் யேட்ஸுக்குத் தெரிந்தார்கள், அவரே எழுதியிருக்கிறார்.

நானும் செய்து பார்த்தேன். சிவப்புக் கடதாசியில் முக்கோணம் வெட்டி வெள்ளை மட்டையில் ஒட்டி, மேசை விளக்கின் கீழ் வைத்து, நிமிடக் கணக்கில் பார்த்தேன். ஓரங்கள் முதலில் நடுங்கத் தொடங்கின. பிறகு சிவப்பைச் சுற்றி ஒரு வெளிர்பச்சைக் கோடு எரிந்தது. சுவரைப் பார்த்ததும் பச்சை முக்கோணம் அங்கே வந்து நின்றது, கண்ணைத் திருப்பிய பக்கமெல்லாம் கூடவே நகர்ந்தது. நான் எந்தக் கதவுக்குள்ளும் போகவில்லை. ஆனால் அந்த வடிவங்களை எங்கே பார்த்தேன் என்று நினைவு வந்தது. உண்மை விளக்கத்தில். திருவதிகை மனவாசகங் கடந்தார் பாடிய சைவ சித்தாந்த நூல். நிலம் நாற்கோணம், நீர் பாதிமதி, நெருப்பு முக்கோணம் என்றுதான் அதுவும் தொடங்குகிறது. காற்றுக்கு மட்டும் அறுகோணம், ஆகாயத்துக்கு வட்டம். சைவ சமயப் பாடத்தில் சிறுவயதில் மனனம் செய்தது, லண்டன் அறையொன்றில் ஐரிஷ் கவிஞரின் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி புளோரன்ஸ். எமரி அவருடைய கணவனின் குடும்பப் பெயர். கணவன் நாலைந்து வருடத்தில் அமெரிக்காவுக்குப் போய்விட்டான், பிறகு விவாகரத்து. பிறந்த பெயர் புளோரன்ஸ் ஃபார். 1860-இல் பிறந்தவர். தந்தை வில்லியம் ஃபார், எந்த நோயால் எத்தனை பேர் சாகிறார்கள் என்று நாடளாவிக் கணக்கெடுக்கும் முறையை இங்கிலாந்தில் நிலைநிறுத்திய வைத்தியர். புளோரன்ஸ் நைட்டிங்கேலின் நண்பர். மகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார். மகள் நடிகையானார். இப்சனின் நாடகத்தில் 1891-இல் நடித்தார், பெர்னாட் ஷோவின் நாடகத்தில் 1894-இல் நடித்தார். ஷோ அவரைக் காதலித்தார். யேட்ஸ் அவருடைய குரலைக் காதலித்தார் என்பதே சரியாக இருக்கும். சால்ட்டரி என்ற நரம்பிசைக் கருவியைப் புதிதாகச் செய்வித்து, அதை மீட்டியபடி கவிதையை அவர் பாட்டும் பேச்சும் அல்லாத ஒரு குரலில் சொல்வார். கவிதை சொல்லப்பட வேண்டிய பழைய முறை இதுதான் என்று யேட்ஸ் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்.

பொன்விடியலில் ஃபார் 1890-இல் சேர்ந்தார். ஞானம் ஞானிக்குக் கொடையாகக் கிடைக்கிறது என்று பொருள்படும் இலத்தீன் வாக்கியத்தைத் தன் சங்கப் பெயராக எடுத்துக்கொண்டார். எகிப்திய மந்திரம் பற்றி 1896-இல் நூல் எழுதினார். மேதர்ஸ் பாரிஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். மந்திரச் சங்கத்தில் இருப்பது மேலதிகாரிகளுக்குத் தெரிந்ததால் 1897-இல் வெஸ்ட்கொட் விலகினார். லண்டன் சங்கம் முழுவதும் ஃபாரின் தலையில் வந்தது.

1900 பெப்ரவரியில் மேதர்ஸ் பாரிஸிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஸ்பிரெங்கலின் கடிதங்கள் வெஸ்ட்கொட் தானே உண்டாக்கியவை, உண்மையான தலைவர்களோடு தொடர்புள்ளவன் நான் ஒருவனே என்று அதில் இருந்தது. இதை வாசித்த ஃபாரின் நிலையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பத்து வருடம். எத்தனை பேருக்குத் தன் கையால் தீட்சை கொடுத்திருப்பார், எத்தனை பேர் அவரை நம்பி வந்திருப்பார்கள். கடிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு மௌனமாக இருந்திருக்கலாம். அவர் அதைச் சங்கத்தின் மூத்தவர்கள் முன்னால் வைத்தார். ஆதாரம் கேட்டார்கள், மேதர்ஸ் தர மறுத்தார். ஏப்ரலில் மேதர்ஸின் ஆளாக ஓர் இளைஞன் வந்து, பிளைத் வீதியில் இருந்த ஏழு சுவர் அறையைக் கைப்பற்றப் பார்த்தான். ஹைலண்ட் உடையும் முகமூடியும் இடுப்பில் கத்தியுமாக வந்தவனைப் பொலிஸ்காரர் ஒருவர் திருப்பி அனுப்பினார். பெயர் அலிஸ்டர் குரோலி.

மேற்கின் மந்திர உலகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே குரோலியின் பெயர்தான் முதலில் வரும். அவரைப் பற்றி எழுதியது போதும் போதும் என்ற அளவுக்கு உண்டு. எனக்கு முக்கியமானவர் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்.

அலன் பென்னட், 1872-இல் லண்டனில் பிறந்தவர். தந்தை சிறுவயதிலேயே இறந்தார், தாய் கத்தோலிக்கராக வளர்த்தார். இரசாயனப் பகுப்பாய்வு படித்து, ஆய்வுகூடமொன்றில் வேலை செய்தார். பதினெட்டு வயதில் எட்வின் ஆர்னல்டின் புத்த சரிதக் கவிதையைப் படித்தார். கவிமணி 'ஆசிய ஜோதி'யாகத் தமிழில் தந்தது அதைத்தான். 1894-இல் பொன்விடியலில் சேர்ந்தார். இரண்டு வருடத்தில், புதன் கோளின் ஆவியைக் கண்ணெதிரே வரவழைக்கும் சடங்கை எழுதி ஃபாரோடு சேர்ந்து நடத்துமளவுக்கு வந்துவிட்டார். மேதர்ஸுக்கு அடுத்த மந்திரக்காரர் என்று சங்கத்தில் பேச்சு. குரோலி அவரை முதன்முதலில் கண்டது ஒரு சடங்கின்போது. பென்னட் நேரே வந்து, தம்பி, நீ துர்த்தேவதைகளோடு கைவைத்திருக்கிறாய் என்றாராம். இல்லை என்று குரோலி மறுத்தாராம். அப்படியென்றால் அவை உன்மேல் கைவைத்திருக்கின்றன என்றாராம். குரோலியின் சுயசரிதையில் உள்ளது இது. குரோலி அவரைச் சான்சரி லேனில் இருந்த தன் வீட்டுக்கே கூட்டிவந்து, 1899 முழுக்க அவரிடம் படித்தார்.

பென்னட்டுக்குத் தொய்வு, ஆஸ்துமா. எனக்கும் தொய்வுதான், ஆறு வயது முதல். அதனால் குரோலி எழுதிய ஒரு பகுதியை மற்றவர்கள் வாசிப்பதுபோல என்னால் வாசிக்க முடியவில்லை. பென்னட் அபின் எடுப்பாராம், அது ஒரு மாதத்தில் பலன் கொடுக்காமல் போனதும் மோர்பின், பிறகு கொக்கெய்ன், பிறகு குளோரோஃபோர்ம், பிறகு மறுபடி முதலிலிருந்து. இதைப் போதைப் பழக்கம் என்று ஒரு வரியில் எழுதிப் போகிறவர்களுக்குத் தொய்வு வந்ததில்லை. இராத்திரி இரண்டு மணிக்குப் படுக்க முடியாது. முழங்காலில் தலையணையை வைத்து, அதன்மேல் கைகளை ஊன்றி, தோள்கள் காதுவரை ஏறி, உள்ளே போன மூச்சு வெளியே வராமல் நெஞ்சில் இறுகி நிற்கும். மூச்சு விடுவதைத் தவிர உலகத்தில் வேறொரு வேலையும் இருக்காது. எனக்குப் பக்கத்தில் இன்ஹேலர் இருக்கிறது. அவருக்கு 1899-இன் லண்டன் புகைமூட்டமும் குளோரோஃபோர்ம் போத்தலுமே இருந்தன. அப்படியான ஒருவர் பிராணாயாமம் படிக்கப் போனது எனக்கு வெறும் ஆன்மீகத் தேடலாகத் தெரியவில்லை. மூச்சு என்றால் என்னவென்று உடம்பாலே கேட்டவர் அவர்.

வெப்ப நாட்டுக்குப் போனால்தான் பிழைப்பார் என்றிருந்தது. குரோலி பயணத்துக்குக் காசு புரட்டிக் கொடுத்தார். 1900 வாக்கில் பென்னட் கொழும்பில் வந்து இறங்கி, இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரல் பொன்னம்பலம் இராமநாதனின் இளைய மகன்மாருக்கு வீட்டு ஆசிரியரானார். பிள்ளைகளுக்கு அவர் பாடம் சொன்னார். அவருக்குப் பிள்ளைகளின் தந்தை யோகம் சொன்னார்.

இராமநாதன் 1851-இல் கொழும்பில் பிறந்தவர். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, சட்டத்தரணியாகி, 1879 முதல் சட்டசபையில் இருந்தவர். ஆனந்த குமாரசுவாமிக்கு மைத்துனன் முறை. அவரும் தம்பி அருணாசலமும் தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர்கள். பரானந்தர் என்ற பெயரில் மத்தேயு சுவிசேஷத்துக்கு இராமநாதன் சொன்ன உரை 1898-இல் வெளிவந்தது, யோவானுக்கான உரை 1902-இல். இயேசுவின் வார்த்தைகளை ஆன்ம சாதனைக்கான நேரடி உபதேசமாக எடுத்து, சைவ அனுபவத்தின் வழியே பொருள் சொல்கிற நூல்கள் அவை. தேவாலயத்தை விட்டு வந்த பென்னட்டுக்கு, அவர் விட்டுவந்ததையே வேறொரு திசையிலிருந்து திறந்து காட்டியவர் இந்தத் தமிழர்.

1901 ஓகஸ்டில் குரோலி கொழும்புக்கு வந்தார். இருவரும் கண்டிக்குப் போய், வாவியைப் பார்த்த 'மார்ல்பரோ' என்ற பங்களாவை வாடகைக்கு எடுத்தார்கள். இராமநாதனிடம் தான் கற்றதைப் பென்னட் அங்கே குரோலிக்குக் கற்பித்தார். ஆசனம், பிராணாயாமம், தாரணை, தியானம். ஒருநாள் இரண்டு வேளை வைத்த சாப்பாடு தொடப்படாமல் இருந்ததைக் கண்டு குரோலி உள்ளே போனாராம். பென்னட் தன் பாயில் இல்லை. அறையின் ஓரத்தில், பத்மாசனம் கலையாமல், தலையும் வலது தோளும் நிலத்தில் முட்ட, கவிழ்த்துவிட்ட சிலைபோலக் கிடந்தாராம். குரோலியின் வார்த்தையை எவ்வளவு நம்புவதென்பது வேறு. ஆனால் அவர் பிறகு எழுதிய யோக நூல்களும், 1907-இல் தொடங்கிய சங்கத்தின் பயிற்சி முறையும், அவை வழியே மேற்கின் மந்திர சங்கங்களுக்குள் போன ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் கண்டியில் அந்த மாதங்களில் முளைத்தவை. அதற்கு விதை கொழும்பில் விழுந்தது. மேற்கத்திய மந்திர வரலாறுகளில் இராமநாதனுக்கு ஒரு வரி கிடைக்கும், சிலவற்றில் அரை வரி. எங்கள் பக்கத்து இராமநாதன் சரிதங்களில் பென்னட்டைத் தேடினேன், நான் படித்தவற்றில் இல்லை. இரண்டு கரையிலிருந்தும் இந்தப் பாலம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது.

(அதே ஆண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் ஜெரல்ட் கார்ட்னர் என்ற இங்கிலாந்துப் பையன் வேலைக்குச் சேர்ந்திருந்தான். விக்கா என்ற நவீன சூனியக்காரர் மதத்தை ஐம்பது வருடம் கழித்து உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். இந்தச் சின்னத் தீவில் அந்தக் காலத்தில் யார் யாரெல்லாம் தெருவில் ஒருவரையொருவர் தாண்டிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.)

பென்னட் கொழும்பில் நிற்கவில்லை. மந்திரத்தை விட்டார், பிறகு யோக சித்திகளையும் விட்டார். பர்மா போய், அக்யாப்பில் 1901 டிசம்பரில் சாமணேரராகி, அடுத்த ஆண்டு முழுத் துறவு பெற்று ஆனந்த மெத்தேய்ய ஆனார். 1908-இல் மஞ்சள் ஆடையோடு லண்டனுக்குத் திரும்பி வந்து பௌத்தம் போதித்தார். காசைத் தொடமாட்டார், பெண்கள் இருக்கும் கூரையின் கீழ் உறங்கமாட்டார். அவரைக் கவனித்துக்கொள்ள வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தொய்வு அவரை விடவேயில்லை. 1914-இல் உடல் முற்றாகக் குலைந்து துறவாடையைக் களைந்தார். கலிபோர்னியாவில் இருந்த சகோதரியிடம் போகப் புறப்பட்டவரை, நோயைக் காரணம் காட்டிக் கப்பலில் ஏற்றவில்லை. 1923 மார்ச்சில் லண்டனில் இறந்தார். மோர்டன் இடுகாட்டில் புதைத்த இடத்துக்குக் கல்கூட வைக்கவில்லை.

ஃபாருக்கு வருகிறேன். பொன்விடியல் மூன்றாக உடைந்தது. அதற்கு முன்பே, 1901 டிசம்பரில், சங்கத்தின் சடங்குகளைத் திருடி வைத்திருந்த ஒரு மோசடித் தம்பதியின் பாலியல் குற்ற வழக்கு நீதிமன்றத்துக்கு வந்து, சங்கத்தின் பெயர் பத்திரிகைகளில் நாறியது. ஃபார் விலகினார். அதன்பின் லண்டனுக்கு வந்த இராமநாதனைச் சந்தித்தார். என் நாட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டப்போகிறேன் என்று அவர் சொன்னார். கட்டும்போது சொல்லுங்கள், வருகிறேன் என்று இவர் சொன்னார்.

சொன்ன சொல்லைப் பத்து வருடம் வைத்திருந்தார். 1912-இல், ஐம்பத்திரண்டு வயதில், உடைமைகளை விற்றார். ஷோவும் யேட்ஸும் எழுதிய கடிதங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, தான் இறந்த பிறகு திறக்கும்படி நண்பர் ஒருவரிடம் கொடுத்தார். கப்பலேறினார். முகச் சுருக்கத்துக்குப் பயந்து ஓடினார் என்று யேட்ஸ் பாடியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பெண் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எடுத்தால் அதற்குக் கண்ணாடிதான் காரணமாக இருக்க வேண்டுமா? கொடுத்த வாக்கு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத தலைவர்களின் பெயரால் பத்து வருடம் ஏமாற்றப்பட்டவர், வீட்டு முகவரி உள்ள, கேட்ட கேள்விக்கு எதிரே இருந்து பதில் சொல்கிற ஒரு குருவைக் கண்டுவிட்டார். பென்னட் போன அதே வாசல்.

கல்லூரி 1913-இல் திறந்தது. ஃபார் அதன் அதிபர். நாடகக் கொட்டகைகளையும் மந்திர சங்கத்தையும் நடத்திய கை நிர்வாகத்தை எடுத்தது. சைவ முறைகளை மதித்தார், தமிழ் படித்தார், தமிழ்ப் பாடல்களை மொழிபெயர்த்து யேட்ஸுக்கு அனுப்பினார். விடியற்காலைத் தேவாரத்தை அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்பதையே நான் அடிக்கடி நினைக்கிறேன். கவிதையைப் பாட்டாக்காமலும் பேச்சாக்காமலும் சொல்லும் ஒரு குரலுக்காக லண்டனில் எத்தனை மேடை ஏறினார். இங்கே விருத்தமாகத் தேவாரத்தை நீட்டிச் சொல்லும் பத்து வயதுப் பிள்ளையிடம் அந்தக் குரல் இருந்தது, அதற்கு யாரும் சால்ட்டரி செய்து கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இராமநாதனை நான் பீடத்தில் ஏற்றவில்லை. பெண்களுக்குக் கல்லூரி கட்டிய அதே மனிதர், பெண்களுக்கும் ஏழைகளுக்கும் வாக்குரிமை கொடுக்க டொனமூர் ஆணைக்குழு வந்தபோது கடுமையாக எதிர்த்தார். அவருடைய கல்லூரியை நடத்திய ஃபாரோ 1910-இல் நவீன பெண்ணின் உரிமைகள் பற்றித் தனி நூலே எழுதியவர். வாக்குரிமை இலங்கைக்கு வருமுன்பே ஃபார் போய்விட்டார். இருந்திருந்தால் இருவரும் அந்த மேசையில் என்ன பேசியிருப்பார்கள் என்பதைக் கேட்க எனக்கு ஆசை. அம்மம்மா தன் முதல் வாக்கைப் போட்ட நாளை விடுதிக் கதைகளைப் போலவே திரும்பத் திரும்பச் சொல்வார்.

1916-இல் ஃபாரின் மார்பில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. டிசம்பரில் இடது மார்பை அகற்றினார்கள். அதைப் பற்றி யேட்ஸுக்கு எழுதினார். நான் இப்போது அமேசான் வீராங்கனை ஆகிவிட்டேன், தழும்பு பன்ன இலை கோலம் போட்டதுபோல அழகாக இருக்கிறது என்று. (கிரேக்கக் கதைகளின் அமேசான் பெண்கள் வில் வளைக்க ஒரு மார்பை அகற்றியவர்களாம்.) முகச் சுருக்கத்துக்குப் பயந்தவள் என்று அவர் பாடிய பெண் எழுதிய கடிதம் இது. கவிதை எழுதும்போது அது அவரிடம் இருந்தது.

1917 ஏப்ரல் 29-ஆம் திகதி கொழும்பு ஆஸ்பத்திரியில் ஃபார் இறந்தார். கேட்டுக்கொண்டபடி தகனம் செய்தார்கள். எங்கள் பக்கத்தில் சாம்பலைக் கீரிமலையில் கரைப்பார்கள். பிள்ளை கரைக்க வேண்டும், பிள்ளை இல்லாவிட்டால் உரித்துள்ள ஆண் ஒருவர். ஃபாருக்குப் பிள்ளைகள் இல்லை. அறுபத்தாறு வயது இராமநாதன், இலங்கைச் சட்டசபையில் படித்த இலங்கையரின் பிரதிநிதி, சாம்பலைக் கொண்டுபோய்க் களனி ஆற்றில் கரைத்தார்.